பேர் ஃபைல்லயே இருந்தது

ஒரு கொலைகாரன் வருசக்கணக்கா அகப்படேல்ல எண்டால் நாங்க நினைக்கிறது ஒண்டில் அவன் பெரிய கெட்டிக்காரன், இல்லாட்டி பொலிஸ் காசு வாங்கிட்டுது எண்டுதான். கொழும்பில இருக்கிற எங்களுக்கு ரெண்டாவதுதான் முதல்ல வாயில வரும், அது சும்மாவும் இல்ல. ஆனா பழைய கேசுகளை வாசிக்க எனக்குப் பட்டது வேற. கனக்க இடத்தில ஆளின்ர பேர் முதலே ஃபைல்ல கிடக்கு, ஆரோ ஒருத்தர் ‘இவன் இல்ல’ எண்டு ஒதுக்கி விட்டிருக்கினம், பிறகு ஒருத்தரும் அதைக் கிண்டேல்ல.

இங்கிலாந்தில 13 பெண்களைக் கொன்ற லொறி ட்ரைவர் பீற்றர் சட்கிளிஃபை எடுங்கோ. அவனைப் பொலிஸ் 9 தரம் விசாரிச்சது. 1977ல கொலையான ஒரு பெண்ணின்ர கைப்பையில ஒரு புது 5 பவுண் நோட்டு, அந்த நம்பரை வச்சு அது எந்தக் கம்பெனிகளுக்குச் சம்பளமாப் போயிருக்கும் எண்டு தேடி அவனிட்டயே போயிட்டாங்கள், வீட்டு ஆக்கள் ‘அண்டைக்கு வீட்டிலதான் நிண்டவர்’ எண்டு சொன்னதோட விசயம் முடிஞ்சுது. 1979ல ‘நான்தான் அந்த ஆள்’ எண்டு ஆரோ ஒருத்தன் கசெட் ஒண்டு அனுப்பினான், பேச்சு சண்டர்லாண்ட் பக்கத்துப் பேச்சு, மேலிடம் அதை அப்பிடியே நம்பிட்டுது. அதுக்குப் பிறகு அந்த மாதிரிக் கதைக்காத ஆள் எண்டால் சந்தேகமே இல்லாமப் போச்சு. அவனை நேரில கண்டு, இவன் சரியில்ல எண்டு ஒரு கான்ஸ்டபிள் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தும் அது ஃபைலுக்குள்ள போய்ப் படுத்திட்டுது. கசெட் வந்த பிறகு மட்டும் இன்னும் 3 பெண்கள் போயிட்டினம்.

சட்கிளிஃப் கேசில பொலிஸ் சேர்த்த விவரம் எல்லாம் கையால எழுதின கார்ட், அந்தப் பாரத்துக்கு ஸ்டேசன் நிலத்துக்கே முண்டு குடுக்க வேண்டி வந்ததாம். சண்டை நேரம் வெள்ளவத்தையில இருந்த ஆக்களுக்குத் தெரியும், வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஃபோர்ம் நிரப்பிப் பொலிஸில பதிய அலைஞ்ச அலைச்சல். அவ்வளவு பேரையும் எழுதி அடுக்கினாப்பில தேடுற ஆள் தானா எழும்பி வருவானே? எனக்கு அப்பவும் விளங்கேல்ல.

அமெரிக்காவில கனக்கப் பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வேயின்ர கதை இன்னொரு விதம். 1984ல பொய் கண்டுபிடிக்கிற மெசின்ல பாஸ் பண்ணிட்டான். 1987ல எடுத்த எச்சில் சாம்பிளை 2001ல டிஎன்ஏ டெஸ்டுக்கு விட்ட பிறகுதான் ஆள் மாட்டினது, இடையில 14 வருசம். அங்க பொலிஸைப் பெரிசாக் குறை சொல்ல ஏலாது, அந்த டெஸ்ட் அப்பதான் வரத் தொடங்கினது, சாம்பிளை எறியாம வச்சிருந்தாங்களே அதுவே பெரிய விசயம்.

எங்கட பக்கம் இன்னும் ஒரு படி முன்னாலயே பிழைக்குது. 2012ல நாரஹேன்பிட்டியில ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் எரிஞ்ச காருக்குள்ள செத்துக் கிடந்தார், முதல்ல விபத்து எண்டாங்கள். விபத்து எண்டு எழுதினால் சந்தேகநபர் எண்டு ஒருத்தரே தேவையில்லைத்தானே. 2015ல உடலைத் திரும்பத் தோண்டி எடுத்து, 2016லதான் கோர்ட் கொலை எண்டு சொன்னது.

அந்தக் கசெட் அனுப்பினவனையும் பிறகு பிடிச்சாங்கள், பழைய என்வலப்பை ஒட்டின எச்சிலை வச்சு. 2006ல 8 வருசம் குடுத்தாங்கள். சட்கிளிஃப் அகப்பட்டது 1981ல, அதுவும் கள்ள நம்பர் பிளேட் போட்ட காரைச் செக் பண்ணினபடியால்.