கண்முன்னால் கொடுத்த பணம்

வடக்கு இங்கிலாந்தில் பண்ணைக் குத்தகைகளை நிர்வகிக்கும் ஓர் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். வாடகை வந்ததா, கொட்டகைக் கூரைக்கு எவ்வளவு செலவானது, இடிந்த வேலியை யார் கட்ட வேண்டும் என்பதுதான் அன்றாடப் பாடு. பென்ரித்திலிருந்து ஆப்பிள்பிக்குப் போகும் வழியில், ப்ரூம் அருகே, சாலையோரத்தில் ஒரு கல்தூண் கண்ணில் படும். ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அதில் பொறித்திருந்ததைப் படித்தேன்.

1616 ஏப்ரல் 2 அன்று, அந்த வட்டாரத்துப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ஆன் கிளிஃபர்ட் என்ற பெண்மணி தன் தாய் மார்கரெட்டைக் கடைசியாகப் பார்த்துப் பிரிந்த இடம் அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, மகள் அங்கே தூண் எழுப்பினார். ஆண்டுதோறும் அதே தேதியில், பக்கத்திலுள்ள கல்மேசையில் வைத்து, ப்ரூம் ஏழைகளுக்கு 4 பவுண்டு கொடுக்க வேண்டும் என்றும் பொறித்து வைத்தார். துக்கத்துக்குக்கூடத் தொகை, தேதி, இடம் மூன்றையும் குறித்து வைத்தவரை என்னைப் போன்ற கணக்கருக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? அவரைத் தேடித் தேடிப் படித்தேன்.

1605இல் தந்தை இறந்தபோது ஆனுக்கு வயது பதினைந்து. நிலம் சித்தப்பாவுக்குப் போனது. மகளுக்கு 15,000 பவுண்டு என்று எழுதியிருந்தது. பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்றார். பணத்தை வாங்கிக்கொள்ளும்படி கணவர் வற்புறுத்தினார். 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரே நேரில் சொல்லியும் அவர் இணங்கவில்லை. 1643இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசின்றி இறந்த பிறகே சொத்து கைக்கு வந்தது. அப்போது மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர். இரண்டாம் கணவர் பெம்ப்ரோக் பிரபு நாடாளுமன்றத்தின் பக்கம். ஆனின் மனம் மன்னர் பக்கம். 1649இல், ஐம்பத்தொன்பது வயதில், வடக்கே வந்தார். போரில் அடிபட்ட ஸ்கிப்டன் உள்ளிட்ட கோட்டைகளை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார். ஆப்பிள்பியில் பதின்மூன்று பெண்களுக்கு ஓர் இல்லம் கட்டினார்.

குத்தகைதாரர்களிடம் அவர் இளகியவர் அல்லர். தனக்குச் சேர வேண்டிய பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். படிக்கும்போது எனக்கு அது நெருடியது, இன்றும் நெருடுகிறது.

அந்த நாட்களில் என் மேசையில் ஒரு பில் கிடந்தது. மலைச்சரிவில் கற்சுவர் அடுக்கும் முதியவர் ஒருவருடையது. ஒரு கையெழுத்து குறைகிறது என்று நிலுவைக் காகிதங்களுக்கான தட்டில் போட்டு வைத்திருந்தேன். பதினோராவது வாரம் அவரே நேரில் வந்தார். கை விரல்களில் சுண்ணாம்புக்கல் தூசி. கோபப்படவில்லை, "நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா, அம்மா?" என்றுதான் கேட்டார். தவறு முழுவதும் என்னுடையது. அந்தக் கையெழுத்தை வாங்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

அன்று இரவு, ஆன் கிளிஃபர்ட் தன் கடைசி மாதங்களில் எழுதிய நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். 1676இன் தொடக்கம், வயது எண்பத்தாறு, அறையை விட்டு வெளியே வருவதே அரிது. ஆப்பிள்பி இல்லத்திலிருந்து காது கேளாத ஒரு பெண் வருகிறார், தான் பின்னிய லேஸ் துணியோடு. வீட்டாரோடு அவருக்குச் சாப்பாடு. பிறகு ஆன் அவரைத் தன் அறைக்கு அழைத்து முத்தமிடுகிறார். லேஸுக்கான பணம் அவர் கைக்குப் போவதைத் தானே பார்க்கிறார். பிறகுதான் அந்தப் பெண் வீடு திரும்புகிறார். அந்த வரியில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஐந்து கோட்டைகளுக்கு உரியவர். பணம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் தன் கண்ணால் பார்த்தார். மார்ச் 22 அன்று ப்ரூமில் இறந்தார்; அதற்கு முந்தைய நாள்வரை குறிப்பு இருக்கிறது.

மறுநாள் காலை அந்த முதியவரின் காசோலையைத் தபாலில் போடவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் சுவரருகே குனிந்திருந்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் அந்த அலுவலகத்தில் இருந்தவரை, வெள்ளிக்கிழமை மாலை தட்டைக் காலி செய்யாமல் வீட்டுக்குப் போனதில்லை. வாடகைப் பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பவும் தயங்கியதில்லை.