மார்கழிக் காலையில் கிழக்கே கோட்டையிலிருந்து மியூசியம் வரை

நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தில் மூன்று காரியம்தான் உண்டு: ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், பத்மநாபசாமி. காரியம் முடிந்ததும் தம்பானூரில் கிடைத்த வண்டியில் ஏறிவிடுவோம். எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது, 1956 நவம்பர் 1 வரை நமக்கும் அதுதான் தலைநகரம், அதை ஒருநாள் காலாற நடந்து பார்ப்போமே என்று எங்கள் பக்கத்தில் அநேகமாக யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த டிசம்பரில் அத்தானுக்குத் தோன்றியது. நான், அக்கா, அத்தான் மூன்று பேரும் கிளம்பினோம்.

குளிர்காலம் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பகலில் முப்பது டிகிரியைத் தாண்டிவிடும். ஆனால் விடியற்காலையில் கொஞ்சம் காற்று இருக்கும், பத்து மணி வரை சட்டை நனையாமல் நடக்கலாம். திருவனந்தபுரத்தில் அதுவே பெரிய விஷயம்.

ரயிலை விட்டு இறங்கியதும் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், உள்ளே போனவர்கள் குறைவு. மாடி என்று தனியாக எதுவும் இல்லை, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகிறது, சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், சுவரில் உள்ள ஓட்டைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறித் தலைப்பாகை கட்டியவர் அந்தச் சரிவில் நான்கு காபியைத் தூக்கிக்கொண்டு சர்வசாதாரணமாக ஏறுகிறார். மசால் தோசைக்குள் பீட்ரூட். அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

அங்கிருந்து பழவங்காடி கணபதி கோயில் பக்கம்தான். தேங்காய் உடைபடும் சத்தம் ரோட்டிலேயே கேட்கும். இந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம் என்பது பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூரின் நாயர் பட்டாளம் பழைய தலைநகரமான பத்மநாபபுரத்தில் இருந்தபோது கும்பிட்ட பிள்ளையார், தலைநகரம் மாறியபோது பட்டாளத்தோடு இங்கே வந்தார் என்று சொல்வார்கள். தலைநகரம் மாறியது 1795இல். ஆக, பிள்ளையாரும் நம்ம தக்கலைப் பக்கத்துக்காரர்தான்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு நேரே பத்மநாபசாமி கோயில் கோபுரம். மற்ற கேரளக் கோயில்களில் பொதுவாக இப்படி ஏழு நிலைக் கோபுரத்தைப் பார்க்க முடியாது, சுசீந்திரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது. சபரிமலை மண்டல காலம் ஆகையால் எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி. ஆந்திராவிலிருந்து வந்த சாமிகள் தெலுங்கில் வழி கேட்க, போலீஸ்காரர் மலையாளத்தில் பதில் சொல்ல, நடுவில் ஒரு பூக்காரம்மா தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்; எல்லாருக்கும் எப்படியோ புரிந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்ட வேண்டும். அக்கா சுடிதாரில் வந்திருந்தாள், அதற்கு மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். நம்மாழ்வார் பாடிய தலம். பெருமாள் மூன்று வாசல் நீளத்துக்குப் படுத்திருக்கிறார்: ஒன்றில் முகம், ஒன்றில் நாபித் தாமரை, ஒன்றில் பாதம். சன்னதிக்கு முன்னால் உள்ள ஒற்றைக்கல் மண்டபம் உண்மையிலேயே ஒற்றைக் கல்தான். 2011இல் நிலவறை திறந்த பிறகு வருகிறவர்களில் பாதிப் பேர் புதையலைப் பற்றியே பேசுகிறார்கள், அந்தக் கல்லை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

வெளியே பத்மதீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம். தாடிக்காரர் முகம், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடா. மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார், கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்க ஒரு சிறு கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு நின்றது, நாங்களும் நின்றோம்.

நாளின் பெரும்பகுதியைக் குதிரமாளிகைக்குக் கொடுக்கலாம். கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள், அதனால்தான் அந்தப் பெயர். சுவாதித் திருநாள் கட்டியது. 1829 முதல் 1846 வரை ஆண்டார், முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார், அதற்குள் இத்தனை கீர்த்தனைகள். வழிகாட்டி எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். யானைத் தந்த சிம்மாசனம், படிக சிம்மாசனம் எல்லாம் காட்டினார், சரி, அழகுதான். எனக்கு மனதில் நின்றது மன்னர் கோயிலைப் பார்த்தபடி உட்கார்ந்து பாட்டுக் கட்டிய மாடி அறை. அவருடைய சபையில்தான் இசையிலும் பரதத்திலும் பேர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வர் இருந்தார்கள். அவர்களில் வடிவேலுவுக்கு 1834இல் மன்னர் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். கர்நாடக இசையில் வயலின் வேரூன்றிய கதையில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. டிசம்பர் முழுக்க மயிலாப்பூரைப் பற்றிப் பேசுகிறோம், இந்த மாளிகை முற்றத்தில் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சங்கீத விழா நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் சாலைக் கடைத்தெரு. இதைத் தொடங்கிவைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ், விளவங்கோடு பக்கம் குன்னத்தூரில் பிறந்தவர். ஆலப்புழைத் துறைமுகமும் அவர் வேலைதான். தெரு முழுக்கத் தமிழ். பாத்திரக்கடை, பலசரக்கு, பூ, கயிறு, எந்தக் கடையில் நின்றாலும் காதில் விழுகிறது. ஒரு கடையில் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் விலை கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாரோயிலா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மலையாளத்த இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசுறது உங்க ஊர்க்காரங்கதான். சும்மா தமிழ்லயே கேளுங்க."

அவர் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க மலையாளம் மட்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கூடவே ஒரு பிடி சிப்ஸைச் சேர்த்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எம்.ஜி. ரோடு. வெயில் ஏறிவிட்டது, நடைபாதை சில இடங்களில் சுமார்தான், ஆனாலும் பஸ் ஏறாதீர்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே திவான் மாதவராவ் சிலை, அதனால் அந்த நிறுத்தத்துக்கே ஸ்டாச்சு என்று பெயர். கும்பகோணத்தில் பிறந்தவர். 1869இல் முடிந்த செயலகக் கட்டடம் வெள்ளை வெளேரென்று நிற்க, அதன் வாசலில் எப்போதும் போல ஏதோ ஒரு போராட்டப் பந்தல். செயலகத்தின் முன்னாலேயே வேலுத்தம்பி தளவாய் சிலையும் இருக்கிறது. நம்ம குமரி மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர், 1809இல் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து குண்டறை விளம்பரம் என்கிற பிரகடனத்தை வெளியிட்டவர். அத்தானுக்கு அம்மா வழியில் தலக்குளம், அதனால் சிலைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றார். எடுத்தோம்.

கொஞ்சம் தள்ளி யுனிவர்சிட்டி காலேஜ். அன்றைக்கு மகாராஜா கல்லூரி. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இங்கேதான் தத்துவம் கற்பித்தார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு அரசு விழாவிலும் எழுந்து நின்று பாடுகிற "நீராருங் கடலுடுத்த" அவருடைய நாடகத்தில், 1891இல் வந்தது. திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரின் பாட்டு அது. வாசலில் நின்ற மாணவர்கள் கழுத்தில் திரைப்பட விழா அட்டை, அடுத்த படத்துக்கு எந்தத் தியேட்டர் என்று ஒரே வாக்குவாதம்.

பாளையத்தில் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் அடுத்தடுத்து, எதிரே தேவாலயம். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றையும் ஒரே படத்தில் பிடிக்க அக்கா முயன்றாள், பஸ்கள் விடவில்லை.

கடைசியாக நேப்பியர் மியூசியம், 1880இல் கட்டியது. வரைந்தவர் ராபர்ட் சிசம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள். இங்கே கேரளத்துச் சாய்கூரையை எடுத்துக்கொண்டு சுவரில் கோடு கோடாக வண்ணம் அடித்துவிட்டார். பார்த்ததும் பலருக்கு இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. உள்ளே போனதும் அந்த எண்ணம் போய்விட்டது: வெளியே வெயில் கொளுத்தும்போது மின்விசிறி தேடாமல் நிற்க முடிகிறது, காற்று புழங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒன்று. திங்கட்கிழமை வேண்டாம், குதிரமாளிகையும் மியூசியமும் மூடியிருக்கும். கோயில் நடை துண்டு துண்டான நேரங்களில்தான் திறக்கும், அதனால் காலையில் தெற்கிலிருந்து தொடங்கி வடக்கே நடப்பதுதான் வசதி. மியூசியம் வாசலிலிருந்து தம்பானூருக்கு ஆனவண்டி, அதாவது கேரள அரசு பஸ், அடிக்கடி கிடைக்கும். சாலைக் கடைத்தெருவில் சிப்ஸ் வாங்குவதாக இருந்தால் தமிழிலேயே விலை கேளுங்கள்.