மழைத் தோட்டத்தில் தண்ணீர் ஏன் வடியவில்லை?

மழைத் தோட்டம் என்பது ஓடிவரும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் வடியவிடும் பள்ளமான செடிப்பாத்தி. மழை விட்டு இரண்டு நாளாகியும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் அந்தத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறதா? செடியைக் குறை சொல்லாதீர்கள், மேல்மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், மெழுகு பூசியதுபோல ஒரு படலம் கையோடு வரும். அதற்குக் கீழே மணல் பொலபொலவென்று கிடக்கும். பக்கத்தில் நடந்த கட்டட வேலையின் சிமெண்டுத் தூளும் களிமண்ணும் மழையோடு வந்து படிந்ததுதான் அது. படலத்தை வழித்தெடுத்து அதே அளவு புது மண் போட்டால் போதும். வேலை முடியும்வரை தண்ணீர் நுழையும் வாயை மணல் மூட்டையால் அடைத்திருந்தால் அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம், கால்வாய்களையும் நீர்நிலைகளையும் அழகாகவும் தூய்மையாகவும் ஆக்கும் ஏபிசி நீர்நிலைத் திட்டத்தை 2006இல் தொடங்கிய பிறகு மழைத் தோட்டங்கள் தீவு முழுக்கப் பரவின. எல்லோரும் படம் பிடிப்பது பீஷான் - அங் மோ கியோ பூங்காவைத்தான்: 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறானது. ஆனால் அன்றாடம் பழுதாவது கார்ப்பேட்டை ஓரத்துச் சின்னத் தோட்டங்கள்.

உள்ளே இருப்பது எளிமையான அடுக்குதான். மேலே அரை மீட்டருக்குக் குறையாமல் மணல் கலந்த மண், நடுவில் 100 மில்லிமீட்டர் பருமணல், அடியில் 150 முதல் 200 மில்லிமீட்டர் சிறு ஜல்லி, அதற்குள் துளையிட்ட குழாய். அடுக்குகளுக்கு நடுவே வடிதுணி (மண்ணை வடிகட்டும் துணி) விரிக்காதீர்கள். நுண்மண் அதில்தான் போய் அடைக்கும். நுண்மண் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கத்தான் பருமணல் இருக்கிறது. தோண்டியெடுத்த செம்மண்ணையே திரும்பக் கொட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. களி அதிகமுள்ள மண்ணில் தண்ணீர் இறங்காது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். 6 சதுர மீட்டர் தோட்டம், 200 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேக்கினால் 1,200 லிட்டர். மண் மணிக்கு 100 மில்லிமீட்டர் உறிஞ்சினால் இன்னொரு 600. மிச்சம் எங்கே போகும்? நிரம்பி வழியும் தண்ணீரை வெளியேற்றும் மேல்வழிக் குழாய் வழியாக லொங்காங்குக்கு, அதாவது தெருவோர வடிகாலுக்கு. அந்தக் குழாயின் வாய் மண்மட்டத்திலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். அழகுக்காக மண்ணோடு சமமாக வைத்துவிட்டால் தண்ணீர் மண்ணைத் தொடாமலே ஓடிவிடும். மரப்பட்டைத் தூவலும் வேண்டாம். மிதந்துபோய் குழாய் வாயை அடைக்கும். கூழாங்கல் போடுங்கள்.

கொசுப் பயம் நியாயமானதுதான். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தோட்டம் 24 மணி நேரத்துக்குள் வடிந்தால் அதற்கு வழியில்லை. தோட்டத்தைவிட, மேல்வழிக் குழாயின் அடித்தொட்டியில் தங்கும் தண்ணீரைத்தான் கவனிக்கவேண்டும்.

செடிக்கு வெட்டிவேர் நல்லது, ஒருநாள் மூழ்கினாலும் ஒரு மாதம் காய்ந்தாலும் தாங்கும். நட்ட முதல் சில வாரங்கள் மட்டும், மழைக்காலமாகவே இருந்தாலும், கையால் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது.