சமையல் பட்டத்துக்கு எவ்வளவு கட்டணம் கட்டலாம்?

கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கடன் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு வரும்? கல்லூரிக் கட்டணத்தை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். தவணையை யாரும் சொல்வதில்லை. நட்சத்திர ஓட்டல் சமையற்கூடத்தில் யாராக இருந்தாலும் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். அந்தக் கீழ்ப்படியின் சம்பளம், எங்கே படித்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அந்த முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்குமானால் படிக்கலாம். அடங்காது என்றால் வேறு கல்லூரி பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் படித்தேன்.

அப்பா கும்பகோணம் பக்கத்தில் கல்யாண சமையல் செய்பவர். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வீட்டில் தங்கவே நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வரும்படியும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கேட்டரிங் படிக்கிறேன் என்று நான் சொன்னபோது மாமா கேட்டார்: "உன் அப்பாவிடம் இல்லாத வித்தையையா பணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறாய்?" நியாயமான கேள்வி. ஐந்நூறு இலைக்குச் சாம்பார் கொதிக்கும்போது, வாசனையை வைத்தே உப்புக் குறைவதைச் சொல்லும் பக்குவத்தை எந்தக் கல்லூரியும் தராது. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாண சமையலுக்குப் பெண்களைக் கூப்பிடுவது காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும்தான். கோட்டடுப்புப் பக்கம் ஆண்கள்தான் நிற்பார்கள். அப்பாவின் மகள் என்பதற்காக அங்கே எனக்கு இடம் கிடைத்துவிடாது. எனக்குக் கரண்டி பிடிக்க வேண்டும். அதற்குக் கையில் ஒரு சான்று தேவைப்பட்டது.

முதலில் போய்ப் பார்த்தது ஒரு தனியார் கல்லூரி. ஆண்டுக்கு 2 லட்சம் என்றார்கள். சீருடை, கத்திப் பெட்டி, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் தனி. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். என்ன பதவி, என்ன சம்பளம் என்று கேட்டேன். பதிலுக்குக் கப்பல் படத்தைக் காட்டினார்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று அப்பா கேட்ட பிறகுதான், அது ஒரு பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமா என்பது தெரியவந்தது. வங்கி மேலாளரும் அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்: "பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தால் விண்ணப்பத்தைக் கொண்டு வாருங்கள். இந்தத் தாளுக்குக் கல்விக் கடன் கொடுக்க முடியாது."

இதே கட்டணத்துக்குக் கடன் கிடைத்தாலும் தவணை என்ன ஆகும் என்று அவரே கணக்கும் போட்டுக் காட்டினார். படிக்கும் மூன்று ஆண்டும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 2 லட்சமாக மொத்தம் 6 லட்சம் எடுத்து, 10.5 சதவீத வட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் கிட்டத்தட்ட 7 லட்சத்து 89 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 10,600 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். எனக்கு இப்போது தெரிகிறது: நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைக்கு வந்தது 15,000 ரூபாய்.

பள்ளி ஆசிரியை ஒருவர்தான் தேசிய ஓட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் நுழைவுத் தேர்வைப் பற்றிச் சொன்னார். சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் அந்த ஒரே தேர்வுதான். அதில் சமையலைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கணக்கு, பொது அறிவு, தர்க்கம், சேவைத் துறைக்கான மனப்பாங்கு ஆகியவற்றோடு ஆங்கிலமும் உண்டு. ஆங்கிலத்துக்குத்தான் எடை அதிகம். அரசுப் பள்ளியில் படித்த எனக்கு அதுதான் மலை. பழைய வினாத்தாள்களை எடுத்து ஆங்கிலப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

துவாக்குடியில் இடம் கிடைத்தது. தஞ்சாவூரில் அத்தை வீட்டில் தங்கித் திருச்சி பஸ்ஸில் போய்வந்ததால் விடுதிச் செலவு மிச்சம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, அந்தத் தனியார் கல்லூரி சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. அம்மாவின் ஏலச்சீட்டுப் பணம் போக 2 லட்சம் மட்டும் கடன் எடுத்தோம். 4 லட்சத்துக்கு உட்பட்ட கல்விக் கடனுக்கு அடமானமோ முன்பணமோ கேட்பதில்லை. அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. பஸ் செலவில் பெரும்பங்கை அது தாங்கியது.

கட்டணப் பட்டியலில் இல்லாத செலவு, இரண்டாம் ஆண்டின் தொழிற்பயிற்சி. ஒரு பருவம் முழுக்க ஓட்டலில் நிற்க வேண்டும். சென்னையில் அறை வாடகை, போக்குவரத்து எல்லாம் நம் பொறுப்பு. ஓட்டல் தரும் ஊக்கத்தொகை வாடகைக்கே போதாது. இதற்கென முதலாண்டிலிருந்தே தனியாக ஒரு தொகை சேர்த்து வைப்பது அவசியம். என் வகுப்பில் இரண்டு பேர் இந்தச் செலவுக்கு நகையை அடகு வைத்தார்கள்.

இனி, படிப்பு என்ன தந்தது என்பது. முதலாண்டில் எங்களை ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை எடைபோட்டு உரிக்கச் சொன்னார்கள். உரித்ததையும் எடைபோடச் சொன்னார்கள். 800 கிராம் நின்றது. கிலோ 80 ரூபாய்க்கு வாங்கிய வெங்காயம், சட்டியில் விழும்போது கிலோ 100 ரூபாய் ஆகிவிடுகிறது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் கருணைக்கிழங்குக்கும் போட்டுப் பார்" என்றார். கல்யாணத்துக்குத் தொகை பேசும்போது சந்தை விலையை மட்டும் பார்த்துவந்தவர், இப்போது கழிவையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். இந்தப் பலன் எந்தக் கல்லூரி விளம்பரத்திலும் இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று என் பக்கத்தில் நின்றவர் ஐடிஐயில் ஓராண்டு உணவுத் தயாரிப்பு படித்துவிட்டு வந்தவர். அவரும் கமி 3 (சமையற்கூடத்தின் கீழ்ப்படிப் பதவி), நானும் கமி 3. கொத்தமல்லி ஆய்வதிலும் முட்டை உடைப்பதிலும் பட்டத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அவர் கை என் கையைவிட வேகம். காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று நாளை இரண்டாக உடைக்கும் பிரேக் ஷிப்ட் இருவருக்கும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இருவருக்கும் விடுப்பு இல்லை. சமைப்பது மட்டுமே ஒருவருடைய ஆசை என்றால் அந்த ஓராண்டுப் படிப்பு போதும் என்று அழுத்தமாகச் சொல்வேன். மூன்று ஆண்டையும் கடனையும் மிச்சப்படுத்தலாம்.

வேறுபாடு பிறகு தெரிந்தது. ஓட்டலில் தஞ்சை உணவு விழா நடத்தியபோது, கும்பகோணம் கடப்பா யாருக்குத் தெரியும் என்று தலைமைச் செஃப் கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். செய்வதோடு வேலை முடியவில்லை. நூறு பேருக்கான அளவு அட்டையை எழுதித் தரச் சொன்னார். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைக்கத் தேங்காய், சோம்பு, பூண்டு, பச்சை மிளகாய் என்று அப்பா ஒவ்வொன்றையும் "ஒரு கை", "கொஞ்சம் போல" என்றுதான் சொல்வார். அத்தனையையும் கிராமுக்கு மாற்றி, ஒரு கிண்ணத்துக்கு என்ன அடக்கவிலை என்றும் எழுதிக் கொடுத்தேன். கமி 2 பதவிக்கான நேர்காணலில் அந்த அட்டையை வைத்துத்தான் கேள்வி கேட்டார்கள். மேலே போகப் போக அடக்கவிலை, கொள்முதல் பட்டியல், உணவுப் பாதுகாப்புப் பதிவேடு, ஆங்கிலக் கடிதம் என்று எழுத்து வேலை கூடிக்கொண்டே போகிறது. அங்கேதான் படிப்பு கைகொடுக்கிறது. சமையற்கூடத்துக்கு வெளியேயும் சில கதவுகள் உண்டு: ரயில் உணவைக் கண்காணிக்க ஐஆர்சிடிசி ஒப்பந்தத்தில் எடுக்கும் ஹாஸ்பிடாலிட்டி மானிட்டர் வேலைக்கு இந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள்.

கப்பல் வேலை பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓட்டல் அனுபவம் இல்லாமல் நேரே கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஆர்பிஎஸ்எல் என்னும் ஆள்சேர்ப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை தருவதற்காக நம்மிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. உரிம எண்ணைக் கேட்டு, இயக்ககத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே சான்றிதழ்களைக் கொடுங்கள்.

என் தவணை இப்போது மாதம் 3,550 ரூபாய். முதல் சம்பளத்தில் அது கால் பங்குக்கும் கீழே இருந்தது. ஓட்டலிலேயே சாப்பாடும் இரவு ஷிப்டுக்கு வண்டியும் இருந்ததால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடிந்தது. கமி 2 ஆனபின் கூடிய சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே அசலில் கட்டிவருகிறேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே கட்டினாலும் வங்கி அபராதம் போடுவதில்லை. கட்டும்போது "அசலில் வரவு வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.