64 ஜிபி கார்டும் 2 ஜிபி காலத்து ரீடரும்

நடுகல்லில் எழுத்து தெரிய வேண்டுமானால் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் கல் மட்டும்தான் படத்தில் இருக்கும். கீறல்களின் ஒரு கரையில் நிழல் தங்குகிற அந்தக் காலை ஒரு மணி நேரத்துக்காகவே எட்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். எண்ணெய் பூசி, மஞ்சள் தடவிப் பொங்கல் வைக்கிறார்கள். கும்பிடுகிற கை இருந்ததால்தான் இத்தனை கற்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் கோயிலைப் புதுப்பிக்கும்போது எழுத்தின் மேல் பெயிண்டும் சிமெண்டும் ஏறிவிடுகின்றன.

சென்ற ஆண்டு மாசி மாதம் மத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பூசாரி போன் செய்தார். "வாத்தியாரே, திங்கட்கிழமை கோயிலுக்குத் தரை போடுகிறோம். சிமெண்டு வந்து இறங்கிவிட்டது. படம் எடுக்க வேண்டும் என்றீர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள்" என்றார். போனேன். வில்லேந்திய வீரன், காலடியில் சிறிதாக ஒரு மாடு, வீரனுக்குப் பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் கல்வெட்டு. மண்ணுக்கு மேலே மூன்று வரிகள் தெரிந்தன. பூசாரி தாமே மண்வெட்டி எடுத்து ஒரு சாண் தோண்டினார். ஈரத்துணியால் துடைத்தோம். இன்னும் இரண்டு வரிகள் வெளியே வந்தன. கல்லைச் சுற்றிக் குழியாக விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அபிஷேகத் தண்ணீர் தேங்கும் என்றார்கள், அதுவும் நியாயம்தான். முந்நூறு படங்களும் நான்கைந்து வீடியோக்களும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். மொத்தம் 16 ஜிபி.

அன்று எடுத்தது புதிதாக வாங்கியிருந்த கேமராவில். அதில் 64 ஜிபி மெமரி கார்டு போட்டிருந்தேன். அதுவரை வைத்திருந்த சிறிய கேமராவில் 2 ஜிபி கார்டுதான். அந்தக் கேமராவோடு 2005இல் வாங்கிய கார்டு ரீடர், அதாவது கார்டைச் செருகிக் கணினியில் படிக்கும் கருவி, வெள்ளை நிறத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு இருப்பது, இத்தனை ஆண்டுகளாக ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. அதில்தான் புதுக் கார்டைச் செருகினேன். "இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்டது. ஃபார்மேட் என்றால் உள்ளே இருக்கும் அட்டவணையைத் துடைத்துப் புதிதாக எழுதுவது. கேன்சல் கொடுத்தேன். கார்டை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். மீண்டும் அதே கேள்வி.

அடுத்து நான் செய்த சோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் படங்களை இழக்கிறார்கள். பழைய 2 ஜிபி கார்டை எடுத்து அதே ரீடரில் போட்டேன். உடனே திறந்தது, பழைய படங்கள் வரிசையாக வந்தன. ஆக, ரீடரில் குறை இல்லை, கார்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்போது அது அவ்வளவு தெளிவாகத் தோன்றியது. இரவு ஊரில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். "கார்டு கரப்ட் ஆகிவிட்டது. ஃபார்மேட் செய்துவிட்டு ரெகவரி போட்டுப் பார்க்கலாம், 3,000 ரூபாய் ஆகும். எல்லாப் படமும் வரும் என்று சொல்ல முடியாது" என்றார்கள். மறுநாள் காலை அங்கே சிமெண்டு ஊற்றப் போகிறார்கள். திரும்பிப் போய் எடுக்கவும் வெளிச்சம் இல்லை. ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வேறு வழி தெரியாமல், கார்டைக் கேமராவிலேயே திரும்பப் போட்டேன். திரையில் கல் வந்தது. அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொரு படமும் வந்தது. மண்ணுக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளும் இருந்தன. கண் கலங்கிவிட்டது.

கார்டில் எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் பழைய கார்டைத் திறக்கும் ரீடர் இதை மட்டும் ஏன் திறக்கவில்லை? என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்து, இப்போது ஓசூரில் கணினிப் பழுது பார்க்கும் மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். "சார், ரீடரை எந்த வருடம் வாங்கினீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டான். 2005 என்றதும் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினான். கேமராவில் போடும் இந்த வகைக் கார்டுக்கு எஸ்டி கார்டு என்று பெயர். அந்தக் காலத்து எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் நீளம் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் எண்ணவே இடமில்லை. நடைமுறையில் 2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2006இல் எஸ்டிஹெச்சி என்ற முறை வந்தபோது, 512 பைட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அது 32 ஜிபி வரைக்கும். அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி, அது 2009இல் வந்தது. கார்டின் வடிவம் மட்டும் மாறவே இல்லை, அதனால் எந்தக் கார்டும் எந்த ரீடரிலும் நுழைந்துவிடும். "வீட்டுக்கு வீடு எண் போட்ட ஊரில் தெருவுக்கு ஓர் எண் என்று மாற்றிவிட்டால் பழைய தபால்காரர் என்ன செய்வார் சார்? கடிதத்தைத் தப்பான வாசலில்தான் போடுவார். உங்கள் ரீடரும் அதைத்தான் செய்கிறது" என்றான். என் வகுப்பில் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அன்றிரவு அவன்தான் எனக்கு ஆசிரியர்.

அவன் சொன்னபடி கேமராவோடு வந்த யுஎஸ்பி கேபிளை நேரடியாகக் கணினியில் சொருகி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். நடுவில் கேமராவின் பேட்டரி தீர்ந்து ஒருமுறை நின்றது. சார்ஜ் ஏற்றி மீண்டும் தொடங்கி முடித்தபோது மணி ஒன்று. இந்த வழி நல்ல வழிதான், அவசரத்துக்கு. வாரம் தவறாமல் செய்தால் கேமராவில் இருக்கும் அந்தச் சின்னத் துளை ஆடிப்போய்விடும், அதைச் சரிசெய்வதற்கான செலவில் நான்கு ரீடர் வாங்கலாம். ஆகவே ரீடர் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது பஸ் நிலையம் அருகே 150 ரூபாய்க்கு. அட்டையில் "3.0" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. சொருகும் முனையின் உள்ளே நீல நிறம், அதுதான் வேகமான யுஎஸ்பி 3.0க்கு அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்ததால் நம்பி வாங்கினேன். 64 ஜிபி கார்டு திறந்தது. ஆனால் 16 ஜிபியை நகலெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது வாரம் பாதியில் "டிங்" என்று ஓசை வந்து டிரைவ் காணாமல் போனது. மறுபடி எடுத்து முடித்த பிறகு படங்களைத் திறந்து பார்த்தால், நான்கு படங்களில் மேல் பாதிதான் இருந்தது. கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். கார்டில் அந்தப் படங்கள் ஒழுங்காக இருந்தன, நகலெடுத்ததில்தான் கோளாறு. கார்டை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கல்வெட்டுக்குப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ரீடரின் முனையைப் பார்த்தேன். உண்மையான 3.0 முனையில் முன்வரிசையில் நான்கு தகடுகளும் அதற்குப் பின்னால் உள்ளே தள்ளி ஐந்து சிறிய தகடுகளும் இருக்கும், மொத்தம் ஒன்பது. இதில் நான்குதான் இருந்தன. பிளாஸ்டிக்கில் நீலச் சாயம் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். நான்கு தகடு என்றால் அது யுஎஸ்பி 2.0. ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கையில் கிடைப்பது முப்பதைத் தாண்டினாலே பெரிது, எனக்கு இருபதுக்குள்தான் கிடைத்தது. ரீடர் வாங்கப் போகிறவர்கள் அட்டையைப் படிப்பதற்கு முன் முனைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தகடுகளை எண்ண ஐந்து விநாடி போதும்.

பள்ளி விடுமுறையில் பெங்களூரு பஸ் ஏறினேன். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான், காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போய் மாலை வரை மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பத்துத் துளைகள் கொண்ட ரீடர்களைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அவை வேண்டாம். ஒரு துளையில் போட வேண்டிய சின்னக் கார்டை அவசரத்தில் பக்கத்துத் துளையில் அழுத்திவிட்டால் உள்ளே இருக்கும் தகட்டு நுனி வளைந்துவிடும், பிறகு அது அடுத்துவரும் கார்டுகளையும் கீறும். பெரிய எஸ்டிக்கு ஒன்று, மைக்ரோ எஸ்டிக்கு ஒன்று என இரண்டே துளைகள் போதும் என்றேன். முனை நேரடியாக உடலில் ஒட்டியிராமல் ஒரு சாண் கேபிளோடு இருப்பதைக் கேட்டேன். கேபிள் இல்லாததைச் சொருகினால் பக்கத்து போர்ட்டை மறைக்கும், கை பட்டால் போர்ட்டையே நெம்பிவிடும்.

அதிவேகக் கார்டுகளுக்கான யுஎச்எஸ்-2 முறை ரீடர் ஒன்றை 2,500 ரூபாய்க்குக் காட்டிய கடைக்காரரிடம் என் கார்டைத் திருப்பிக் காட்டினேன். பின்புறத்தில் தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசை. யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இரண்டாவது வரிசை ஒன்று இருக்கும். அந்த வரிசை இல்லாத கார்டை எவ்வளவு விலையுள்ள ரீடரில் போட்டாலும் அதன் வேகம் கூடாது. அவரே ஒப்புக்கொண்டு 850 ரூபாய்க்கு யுஎச்எஸ்-1 ரீடரைக் கொடுத்தார், கடையிலேயே சொருகிப் பார்க்கவும் விட்டார். என் கார்டின் முகத்தில் 170 எம்பி என்று எழுதியிருக்கிறது. யுஎச்எஸ்-1 முறையின் உச்சமே 104 எம்பிதான். அதற்கு மேல் போட்டிருப்பது அந்தந்த நிறுவனத்தின் தனி முறைக்கு ஒத்துவரும் ரீடரில் மட்டும் எட்டும் வேகம். எனக்கு 80 கிடைக்கிறது. கால் மணி நேரம் ஆன 16 ஜிபி இப்போது மூன்றரை நிமிடத்தில் முடிகிறது.

ரீடரைக் கணினியின் பின்புறத்தில்தான் சொருகுகிறேன். முன்பக்க போர்ட்டுகள் பெட்டிக்குள் ஒரு நீளமான கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன, அந்த இணைப்பு தளர்வாக இருந்தால் நகலெடுக்கும்போது நடுவில் அறுந்துபோகும். என் கணினியில் அப்படித்தான் இருந்தது. நல்ல ரீடரைக்கூட அது கெட்ட ரீடராகக் காட்டியது.

சொருகுமுன் கார்டின் இடப்பக்கத்தில் உள்ள சின்னத் தாழைக் கீழே இழுத்து "லாக்" நிலையில் வைக்கிறேன். விண்டோஸ் எந்த டிரைவைப் பார்த்தாலும் அதில் தனக்கென ஒரு மறைவான ஃபோல்டரை எழுதிவைக்கும். தாழ் போட்டிருந்தால் எழுதாது. ஆனால் இந்தத் தாழுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரீடர்தான் தொட்டுப் பார்த்து, எழுதலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. எனவே வாங்கும்போதே தாழைப் போட்டுவிட்டு ஒரு கோப்பை எழுத முயன்று பார்த்தேன். மறுத்தது, வாங்கினேன். அந்த 150 ரூபாய் ரீடர் தாழைக் கண்டுகொள்ளவே இல்லை.

பள்ளிக் கணினியில் மட்டும் புது ரீடரிலும் கார்டு திறக்கவில்லை. அங்கே விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது பழைய லினக்ஸ். 64 ஜிபி கார்டுகள் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அதைப் படிக்கும் வசதி சேர்ந்தது 2019இல் வந்த 5.4 பதிப்பில்தான். அதற்கு முந்தியது என்றால் தனியாக ஒரு நிரலை நிறுவ வேண்டும். நிறுவியதும் திறந்தது. இந்த முறை நான் கார்டையும் சந்தேகிக்கவில்லை, ரீடரையும் சந்தேகிக்கவில்லை.

படங்கள் கணினிக்கு வந்ததும் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுகிறேன். பிறகு கடைசிப் பத்துப் படங்களையாவது முழு அளவில் திறந்து கீழ் விளிம்பு வரை பார்க்கிறேன். சாம்பல் நிறப் பட்டை வந்தால் அங்கேதான் வரும். இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு நகல் போன பிறகே கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்கிறேன். கணினியில் செய்வதில்லை.

சித்திரையில் மத்தூர்ப் பக்கம் மறுபடி போனேன். தரை வழுவழுப்பாக, சுத்தமாக இருந்தது. கல்லில் மூன்று வரிகளே வெளியே தெரிந்தன. ஐந்து வரிகளும் தெரியும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பூசாரி வாங்கி, சட்டத்தின் கீழ்ப் பகுதியில் விரல் வைத்து, "இதுதானே வாத்தியாரே அன்றைக்கு நான் தோண்டிய இடம்?" என்றார். ஆமாம் என்றேன். வேடியப்பனுக்கு இடப்பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.