781 பதிவு, 779 வாக்கு: 17ஏ பதிவேட்டுக் கணக்கும் வாக்காளர் ரகசியமும்

தேர்தல் பணிக்கு முதல்முறை போகிறவர்கள் மிஷினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மிஷின் பெரும்பாலும் ஒழுங்காக ஓடிவிடும். சாயங்காலம் கணக்கு இடிப்பது 17ஏ பதிவேட்டில், அதாவது வாக்களிக்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில். யார் வந்தார் என்பதை அது ஒருவர் விடாமல் சொல்ல வேண்டும்; யாருக்குப் போட்டார் என்பதற்கு அதில் துப்புகூட இருக்கக் கூடாது. எழுதுகிற கை இரண்டையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்கு. நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் ஒரு தடவையாவது அழுத்த வேண்டும். ரிசல்ட்டையும் விவிபேட் (போட்ட வாக்கை அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளையும் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் ஒப்பிட்டுவிட்டு, மாதிரி வாக்குகளை அழிக்கும் கிளியர் பொத்தானை அழுத்தி, டோட்டல் பூஜ்யம் காட்டுவதை அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியில் விழுந்த சீட்டு ஒன்றுவிடாமல் எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். முகவர் தாமதமாக வந்து, வெளியே வரிசையும் நீண்டுவிட்டால், அந்த அவசரத்தில் கிளியர் விட்டுப்போகும். அப்படி விட்டால் மாலையில் மிஷின் கணக்கு 50 கூடுதலாக நிற்கும். எண்ணிக்கை நாளில் அந்த மிஷினைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள்.

பதிவேட்டில் 1-இலிருந்து ஓடும் வரிசை எண், அதற்கு நேராக வாக்காளர் பட்டியல் எண், காட்டிய ஆவணம், கையெழுத்து, குறிப்பு. இரண்டாம் அலுவலர் இந்த எண்களைச் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் மிஷினில் இருப்பவர் பேலட் பொத்தானை அழுத்த வேண்டும். 17ஏ வரிசைப்படியே அனுப்ப வேண்டும் என்பது விதி. கணக்குக்கு அது நல்லது. ரகசியத்துக்கு ஆபத்து எழுவதும் அதே இடத்தில்தான். எத்தனையாவதாக யார் போட்டார் என்ற பட்டியல் முழுசாக அந்த நோட்டில் இருக்கிறது. எத்தனையாவது வாக்கு யாருக்கு என்பதும் தெரிந்தால் ஊரே அம்பலம். விவிபேட் சீட்டில் வேட்பாளர் எண், பெயர், சின்னம் இருக்கும். வாக்காளர் எண் எதுவும் இராது. 7 விநாடி கண்ணாடிக்குப் பின் நின்றுவிட்டு, அறுந்து விழுந்து மற்றவற்றோடு கலந்துவிடும். 17ஏ உறையோ சீல் வைத்துப் போன பிறகு, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. ரகசியத்தைக் காக்கத் தவறுகிற அலுவலருக்கும் முகவருக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 128-ஆம் பிரிவு 3 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் வைத்திருக்கிறது.

கணக்கு ஏன் இடிக்கிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்காமல் போகிறவர்களால். அப்படிப் போகிறவருக்கு நேராக, வாக்களிக்க விரும்பவில்லை என்று 49ஓ விதிப்படி குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டத்தில் அது மறந்துபோகும். எல்லா வேட்பாளரையும் மறுக்க விரும்பியவர்களுக்கு ஒரு காலத்தில் இதுதான் ஒரே வழி. மறுத்தவர் பெயர் பதிவேட்டிலேயே நின்றது, ரகசியம் போயிற்று. 2013 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் குறையாகச் சொன்னது, நோட்டா பிறந்தது. மறைப்புக்குள் ரகசியம் காக்காமல் நடைமுறையை மீறுபவரை எச்சரித்தும் கேட்காவிட்டால், 49எம் விதிப்படி வாக்களிக்க விடாமல் நிறுத்திக் குறிப்பு எழுத வேண்டும்.

அரிதாக வருவது சோதனை வாக்கு. ‘நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு’ என்று ஒருவர் சொன்னால், பொய்யானால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்துமூலம் உறுதிமொழி வாங்க வேண்டும். பிறகு அதே ஆளுக்கு 17ஏ-வில் இரண்டாவது பதிவு. முகவர்கள் முன்னிலையில் அவர் அழுத்துவார். சீட்டு தப்பாக வந்தால் வாக்குப்பதிவையே நிறுத்தித் தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால், அந்த இரண்டாவது பதிவுக்கு நேராக எந்த வேட்பாளருக்குச் சோதனை வாக்கு விழுந்தது என்று எழுத வேண்டும். முழுப் பதிவேட்டிலும் வாக்காளருக்கு நேரே வேட்பாளர் பெயர் வருவது இந்த ஒரு இடத்தில்தான். அது எண்ணிக்கையில் கழிந்துவிடும் வாக்கு. அவருடைய உண்மையான வாக்கு அப்போதும் அவருக்கு மட்டுமே தெரியும்.

உதாரணமாக, 17ஏ-வில் கடைசி எண் 781. 49ஓ இரண்டு பேர், 49எம் யாரும் இல்லை, சோதனை வாக்கு ஒன்று. மிஷின் 779 காட்ட வேண்டும். சோதனை வாக்கு மிஷினுக்குள்ளும் இருக்கிறது, பதிவேட்டிலும் இருக்கிறது. எனவே இந்த இடத்தில் அதைக் கழிக்கக் கூடாது. எண்ணும்போது அந்த வேட்பாளர் கணக்கில் ஒன்று கழித்தால் 778. இங்கேயும் அதைக் கழித்துவிட்டு ராத்திரி 9 மணிக்கு ஒரு வாக்கைத் தேடுகிறவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மிஷினின் டோட்டலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தவறு எந்த நேரத்தில் நுழைந்தது என்று பிடித்துவிடலாம். மாலையில் மொத்தமாகப் பிடிக்க முடியாது.

தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டதாக வருகிறவரை மிஷினுக்கு அனுப்பவே கூடாது. 17பி படிவத்தில் எழுதி, ‘ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு’ என்ற காகிதச் சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் பெயரில் முதலில் போனவரின் 17ஏ வரிசை எண்ணும் 17பி-யில் ஏறும். இந்தச் சீட்டு எண்கள் எதிலிருந்து எதுவரை என்று, சாவடியின் வாக்குக் கணக்குப் படிவமான 17சி-யில் காட்ட வேண்டும்.

பணிக்குப் போகிறவர்கள் தங்கள் தபால் வாக்கிலேயே தவறுவதைப் பார்க்கும்போதுதான் மனம் கஷ்டப்படுகிறது. வாக்குச்சீட்டின் எண்ணை 13ஏ உறுதிமொழியிலும் 13பி உள்ளுறையிலும் ஒன்றுபோல எழுத வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் உள்ளுறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். எண் இருந்தால் ஆள் தெரிந்துவிடுமே என்று சிலர் வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். சரியான உறுதிமொழிகளை எல்லாம் தனிக்கட்டாகச் சீல் வைத்த பிறகுதான் முதல் உள்ளுறையைப் பிரிக்க வேண்டும் என்பது விதி. வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்த அடிக்கட்டையில் உங்கள் பட்டியல் எண் இருக்கும், அந்தக் கட்டும் சீலுக்குள். பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே சீட்டு எண்ணை எழுதவே கூடாது.

எண்ணிக்கை நாள் தணிக்கையில், உச்ச நீதிமன்றத்தின் 2019 ஏப்ரல் 8 உத்தரவுப்படி சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடியின் விவிபேட் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுகிறார்கள். மிஷினோடு மாறுபட்டால் சீட்டின் எண்ணிக்கைதான் செல்லும். இதில் தனி ஆள் வெளிப்படுவதில்லை. ஆனால் சாவடிவாரியாக முடிவு வெளியாவதால் 300 பேர் வாக்களித்த ஒரு சிற்றூர் யார் பக்கம் என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. பல சாவடிகளைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசரைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது, இன்னும் வரவில்லை. வந்தே ஆக வேண்டும்.

முடிக்கும்போது கடைசிப் பதிவின் கீழே கோடு போட்டு, ‘கடைசி வரிசை எண் 781’ என்று எழுதி, முகவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். 17சி நகலை அவர்கள் கேட்கக் காத்திருக்காமல் கொடுத்து ரசீது வாங்குங்கள். முகவர்களே, அந்த நகலில் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும் தாள் முத்திரை எண்ணையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணும் மேசையில் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு காகிதம்தான்.