பாலாவிக் கரையால் மாதோட்டம்

லண்டனிலிருந்து ஊருக்குப் போய்வரும் எங்கள் பழைய மாணவர்கள் மன்னார்த் திருக்கேதீச்சரக் கோயிலுக்கு வாகனத்தில் போய் வாசலில் இறங்கி, அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள். சுவாமியைக் கும்பிட்டுவிடுவார்கள், சரி. கோயிலைச் சுற்றியிருந்த மாதோட்டம் என்ற பழைய துறைமுகப் பட்டினம் மட்டும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. பள்ளிக்கூடக் காலத்தில் சிவராத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போன பெரியவர்கள், சந்தியிலேயே இறக்கி விடியப்புறம் நடக்க வைத்தார்கள். அந்த நடைக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு அது உதவும்.

தையும் மாசியும்தான் நல்ல காலம். ஐப்பசியிலிருந்து மாரி மழை தரையைச் சேறாக்கிவிடும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று புழுதியை முகத்தில் வாரி அடிக்கும். மாசியில் ஆறரை மணியளவில் சூரியன் எழும். ஐந்தேகாலுக்காவது நடக்கத் தொடங்க வேண்டும்.

ரோர்ச் லைற்றை நேரே முன்னால் நீட்டிப் பிடிப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. முழங்காலுக்குக் கீழே, தரையோடு சரிவாகப் பிடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் முள்ளுக்கும் நிழல் விழும். கண்ணாடி விரியன் சருகோடு சருகாய்க் கிடந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். வெறுங்காலோடு நடப்பவர்கள் வண்டில் தடத்தை விட்டு விலகக்கூடாது. ஓரப் புல்லுக்குள் நெருஞ்சி படர்ந்திருக்கும். உடைமுள் குத்தினால் ஏறிய வழியாகவே நேராக வெளியே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் நுனி முறிந்து உள்ளே தங்கி, அடுத்தநாள் சீழ் வைக்கும்.

சுந்தரர் பாலாவியின் கரைமேல் என்று பாடிய பாலாவி இன்று அணை கட்டிய தீர்த்தக்குளம். கோயிலில் இலிங்கத்தை நீராட்ட இங்கேதான் குடத்தில் நீர் எடுப்பது. மாசியில் நீர் வற்ற வற்றக் கீழ்ப்படிகள் வெளியே தெரியவரும். நேற்றுவரை தண்ணீருக்குள் கிடந்த படியில் பாசி ஈரமாகவே இருக்கும், வழுக்குவது அங்கேதான். நின்று இறங்க வேண்டாம். மேற்படியில் குந்தியிருந்து, ஒரு கையை ஊன்றி இறங்குங்கள். குடத்தின் வாயால் மேல்நீரை மூன்றுதரம் ஒதுக்கிவிட்டுப் பிறகு அமிழ்த்தினால் தூசியும் சருகும் உள்ளே வராது.

குடத்தை விளிம்புவரை நிரப்பக்கூடாது. ஐந்து லீற்றர் பிடிக்கும் குடத்தில் நாலு லீற்றர் போதும், கழுத்துக்கு நாலு விரல் கீழே நிற்கட்டும். நிறைத்தால் அடிக்கொருதரம் தளும்பி வேட்டியை நனைக்கும். நனைந்த வேட்டி முழங்காலில் ஒட்டி நடையைக் கெடுக்கும். ஒரு கொத்து மாவிலையை நீரின்மேல் மிதக்கவிட்டால் தளும்பல் அடங்கும். சிறுபிள்ளைகளுக்கு ஒரு செம்பு கொடுத்தால் போதும்.

கிழக்கு வெளுத்ததும் ரோர்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். ரோர்ச்சைச் சரித்துப் பிடித்த அதே காரணம் இங்கேயும் உண்டு. கிடையாய் வரும் வெயிலில்தான் பழைய பட்டினத்தின் மேடும் பள்ளமும் நிழலால் பிரிந்து தெரியும். உச்சிக்கு ஏறிவிட்டால் எல்லாம் ஒரே புல்வெளி. மாதோட்டத்தை இரட்டை அகழி குதிரைலாட வடிவில் சுற்றியிருந்தது. நீளமாய் வளைந்து போகும் தாழ்வைக் கண்டால் அதோடு கொஞ்சத் தூரம் கண்ணை ஓடவிடுங்கள், வளைவு பிடிபடும். கோயில் நிற்பதும் அந்தப் பழைய பட்டினத்து மண்ணில்தான்.

1980களின் முற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் இங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் பாரசீகக் குடாப் பக்கத்து மெருகிட்ட பாண்டங்களும் கிடைத்தன. பின்னாளைய அகழ்வில் கிடைத்த மிளகின் காலம் கி.பி. 600 - 700, ஏறத்தாழ சம்பந்தர் பதிகம் பாடிய நூற்றாண்டு. ஒரு கிராம்பும் கிடைத்தது, அது கி.பி. 900 - 1100. கிராம்பு அந்தக் காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில்தான் விளைந்தது. அத்தனை கடல் தாண்டி வந்த ஒரு கிராம்பு எங்கள் மண்ணுக்குள் கிடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வைத்தே சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து சொன்னால் பாதிதான் ஏறும். சோழர் இதற்கு இராசராசபுரம் என்று பேர் வைத்ததையும் சேர்த்துச் சொல்லலாம்.

மழை கழுவிய இடங்களில் ஓடுகள் தெரியக்கூடும். குனிந்து பனித்துளியைப் பாருங்கள். சாதாரண மண்சட்டி ஓடு பனியை உறிஞ்சிக் கறுத்துக் கிடக்கும், மெருகிட்ட ஓட்டில் துளி முத்தாய் நிற்கும். பார்த்தது போதும், எடுக்க வேண்டாம். தொல்பொருட் சட்டப்படி அது குற்றம். அதைவிட, எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத ஓடு யாருக்கும் எதுவும் சொல்லாது. லண்டனில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தால் அது வெறும் ஓடுதான்.

இந்த மண் துயரத்தையும் தாங்கிக் கிடக்கிறது. 2013 டிசம்பரில் கோயிலுக்கு அண்மையில் நீர்க்குழாய் புதைக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவர்களையும் நினைத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

போர்த்துக்கீசர் இடித்த கோயிலை மீள எழுப்ப வேண்டுமென்று ஆறுமுக நாவலர் 1872இல் குரல் கொடுத்தார். பற்றைக்காட்டை வெட்டித் தேடியபோது அகப்பட்ட பழைய இலிங்கம்தான் இன்று அடியார்கள் தங்கள் கையாலேயே நீராட்டும் மகாலிங்கம். சிவராத்திரியில் வரிசை நீளும். குடத்தை நிலத்தில் வைத்து வைத்து நகராமல், தோளை மாற்றிக்கொள்ளுங்கள். முறை வந்ததும் மாவிலைக் கொத்தை எடுத்துவிட்டு, அவசரப்படாமல் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். ஒரேயடியாகக் கவிழ்த்தால் தண்ணீர் தெறித்து, பின்னால் நிற்பவரின் காலடி வழுக்கும். வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக விலகி, அடுத்தவருக்கு வழி விடுங்கள்.